கல்வெட்டுல பேரு இருக்கு, கணக்கு எங்க இருக்கு?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழ்ல எம்.எல்.ஏ., எம்.பி. சிபாரிசுல ஊர் வேலைக்குச் செலவாகற தொகுதி நிதி பத்தி ரெண்டு வரி எழுதினதுக்கு வந்த கடிதமும் வாட்ஸப்பும் பாத்து ஆடிப்போயிட்டேன், அதனால இந்த தடவ சினிமா கேள்விய எல்லாம் தள்ளி வச்சுட்டு இது மட்டும்தான். சினிமா ரசிகர்கள் கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல வட்டியோட தர்றேன்.

கேள்வி: எம்.எல்.ஏ.வுக்கு வருஷம் 3 கோடி கைல குடுத்துடுறாங்களாமே சார்? எங்க ஊருக்கு ஒரு பஸ் ஸ்டாப் நிழற்குடைதான் வந்துச்சு. மிச்சம் எங்க போச்சு?
– பரமக்குடி வாசகர்

கைல குடுக்கறதில்லங்க, பாதி பேரு குழம்பறது இங்கதான். தமிழ்நாட்டுல இதுக்கு சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம்னு பேரு, முன்னாடி 2 கோடியா இருந்து, ரெண்டரையாகி, 2019-20ல 3 கோடி ஆச்சு, 234 தொகுதிக்கும் சேத்தா 702 கோடி. எம்.எல்.ஏ. பண்றது என்னன்னா இந்த ஊர்ல இந்த வேலைய செய்யுங்கன்னு லெட்டர் குடுக்கறது, அவ்வளவுதான். அதுக்கப்புறம் கலெக்டர் நிர்வாக அனுமதி குடுக்கணும், யூனியன் ஆபீஸ் இன்ஜினியர் எஸ்டிமேட் போடணும், டெண்டர், ஒர்க் ஆர்டர், வேலை முடிஞ்சதும் அளவு எடுத்து எம் புக்ல (அளவுப் புத்தகம்) எழுதி, பில் பாஸாகி, பணம் கான்ட்ராக்டர் அக்கவுண்ட்டுக்குப் போகும். எம்.எல்.ஏ. அக்கவுண்ட்டுக்கு சட்டப்படி ஒரு ரூபா வராது. அப்ப தப்பே நடக்காதான்னு கேப்பீங்க, ஏன் நடக்காது, எந்த வேலைய சிபாரிசு பண்றதுங்கற இடத்துல நடக்கும், யாருக்கு கான்ட்ராக்ட் போகுதுங்கற இடத்துல நடக்கும், எம் புக்ல ஆறு இன்ச்சுன்னு எழுதிட்டு ரோட்ல நாலு இன்ச் போடற இடத்துல நல்லாவே நடக்கும். ஆனா இது எல்லாத்துக்கும் எங்கயோ ஒரு கையெழுத்து இருக்கும் பாருங்க, நீங்க அதத்தான் பிடிக்கணும்.

இன்னொண்ணு, 702 கோடிய 2021 தேர்தல்ல இருந்த ஆறேகால் கோடி சொச்சம் வாக்காளருக்குப் பங்கு போட்டுப் பாருங்க, தலைக்கு வருஷம் 110 ரூபா சுமார் வரும். உங்க ஊருக்கு நிழற்குடை வந்ததே அந்தக் கணக்குல பாத்தா பெருசுதான், என்ன, எஸ்டிமேட்ல எவ்வளவுன்னு பாத்தீங்களா?

கேள்வி: எம்.பி.க்கும் இதே மாதிரிதானா?
– தென்காசி வாசகி

ஆமாங்க, அவங்களுக்கு வருஷம் 5 கோடி. 1993 டிசம்பர்ல நரசிம்ம ராவ் காலத்துல ஆரம்பிச்சது, முதல் வருஷம் வெறும் 5 லட்சம், அடுத்த வருஷமே 1 கோடி, 1998-99ல 2 கோடி, 2011-12ல 5 கோடி. இதுல 15 சதவீதம் பட்டியல் சாதி மக்கள் இருக்கற பகுதிக்கும், ஏழரை சதவீதம் பழங்குடி பகுதிக்கும் போகணும்னு விதி. கோயில், சர்ச், மசூதி எதுக்கும் குடுக்கக் கூடாது. கொரோனா நேரத்துல 2020 ஏப்ரல்ல நிறுத்தி 2021 நவம்பர்ல திரும்ப ஆரம்பிச்சாங்க. 2023 ஏப்ரல்ல இருந்து சிபாரிசு, அனுமதி எல்லாமே ஆன்லைன்ல.

கேள்வி: கட்டறது நம்ம காசுல, கல்வெட்டுல மட்டும் அவங்க பேரு எதுக்கு?
– ஆம்பூர் வாசகர்

பேரு மட்டும் இருந்தா தப்பு. எம்.பி. நிதி விதியில கல்வெட்டு வைக்கச் சொல்றதே எவ்வளவு செலவு, எப்ப ஆரம்பிச்சது, எப்ப முடிஞ்சதுன்னு ஜனங்க பாக்கணும்னுதான், கூடவே எம்.பி. பேரும் இருக்கும். நம்ம ஆளுங்க என்ன பண்றாங்கன்னா பேர நாலு அடிக்கு எழுதிட்டு செலவ கண்ணாடி போட்டாலும் தெரியாத சைஸ்ல எழுதறாங்க, சில இடத்துல அதுவும் கிடையாது. அடுத்த தடவ ஊர்ல கல்வெட்டு பாத்தா ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க, பின்னாடி உதவும்.

கேள்வி: இந்த நிதியே வேணாம்னு ஒழிச்சுட்டா என்ன? லஞ்சத்துக்குன்னே போட்ட திட்டம் மாதிரி இருக்கு.
– கும்பகோணம் வாசகர்

உங்களுக்கு முன்னாடியே பெரிய ஆளுங்க சொல்லிட்டாங்க. 2002ல அரசியலமைப்பு செயல்பாட்ட ஆராய்ஞ்ச தேசிய கமிஷன் நிறுத்தச் சொல்லுச்சு, 2007ல இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையமும் எம்.பி. நிதி, எம்.எல்.ஏ. நிதி ரெண்டையும் ஒழிங்கன்னு எழுதுச்சு. வாதம் என்னன்னா சட்டம் போடறவனும் கணக்கு கேக்கறவனும் ஒரு ஆளு, அவனே செலவும் பண்ணா அப்புறம் யார் யாரைக் கேக்கறதுன்னு. சுப்ரீம் கோர்ட்ல அஞ்சு நீதிபதிங்க 2010 மே மாசம் பீம் சிங் வழக்குல திட்டம் செல்லும்னுட்டாங்க, தப்பா பயன்படுத்தற வாய்ப்பு இருக்குங்கறதுக்காக திட்டத்தையே ரத்து பண்ண முடியாதுன்னு.

அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி 2005 டிசம்பர்ல நடந்தது ஞாபகம் இருக்கா? டிவி சேனல் ரகசிய கேமராவுல சில எம்.பி.ங்க தொகுதி நிதி வேலைக்கு கமிஷன் பேசினது சிக்குச்சு, ராஜ்யசபா ஒரு உறுப்பினர 2006 மார்ச்ல வெளியவே அனுப்பிடுச்சு. அதே டிசம்பர்ல கேள்வி கேக்கக் காசு வாங்கினதுக்கு 11 எம்.பி.ங்க பதவி போச்சு. அப்ப எனக்கு என்ன தோணுச்சுன்னா, பிடிச்சது ஆடிட்டும் இல்ல போலீசும் இல்ல, ஒரு கேமரா.

என் கருத்து கேட்டா, நான் ஒழிக்கணும்னு சொல்லமாட்டேன், ஏன்னா ஒரு குக்கிராமத்துல போர் ரிப்பேரானா ஓடிப்போய் கேக்க ஜனங்களுக்கு எம்.எல்.ஏ. வீட்டு வாசல் ஒண்ணு இருக்கு, அது கூட இல்லன்னா எல்லாத்துக்கும் கோட்டைக்குத்தான் போகணும். ஆனா இந்த 3 கோடி, 5 கோடி மேலயே நம்ம எல்லார் கண்ணும் இருக்கறது அவங்களுக்கு ரொம்ப வசதி, அது ஏன்னு அடுத்த கேள்வில சொல்றேன்.

கேள்வி: பட்ஜெட்ல லட்சம் கோடிக் கணக்குல போடறாங்களே, அத நம்ம எம்.பி. உக்காந்து படிச்சுப் பாத்துதான் கை தூக்குறாரா?
– நாமக்கல் வாசகர்

இத கேக்கத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன். 2023 மார்ச் 23ந்தேதி லோக்சபாவுல 45 லட்சம் கோடி ரூபா செலவுக்கு அனுமதி குடுத்தாங்க, எவ்வளவு நேரம் விவாதம்னு நெனைக்கறீங்க? விவாதமே கிடையாது. ஒரு பக்கம் அதானி விவகாரத்துல விசாரணை வேணும்னு எதிர்க்கட்சி கத்த, இன்னொரு பக்கம் ராகுல் மன்னிப்பு கேக்கணும்னு ஆளுங்கட்சி கத்த, அந்தச் சத்தத்துக்கு நடுவுல எல்லா அமைச்சகத்தோட மானியக் கோரிக்கையையும் (எங்களுக்கு இவ்வளவு பணம் வேணும்னு சபையில கேக்கறது) மொத்தமா ஓட்டுக்கு விட்டு சில நிமிஷத்துல முடிச்சுட்டாங்க. இதுக்கு சபை பாஷையில கில்லட்டின்னு பேரு, பிரெஞ்சு புரட்சியில தலை வெட்டற மிஷின் பேரு, இங்க வெட்டறது விவாதத்த. 2018லயும் இதே கதைதான், அப்பவும் ஒரு அமைச்சகத்தோட கணக்கு கூட பேசல. கட்சி மாறினா பழக்கம் மாறும்னு நெனைக்காதீங்க, 2004லயும் 2013லயும் இது நடந்திருக்கு.

இப்ப கணக்கு பாருங்க, லோக்சபா 543, ராஜ்யசபா 245, மொத்தம் 788 பேருக்கு தலா 5 கோடின்னா கிட்டத்தட்ட 4,000 கோடி. 45 லட்சம் கோடியில அது ஆயிரம் ரூபாயில ஒரு ரூபா கூட வராது. அந்த ஒரு ரூபாய்க்கு நாம நிழற்குடை நிழற்குடையா தேடிக் கணக்கு கேக்குறோம், மிச்ச 999 ரூபாய்க்கு அனுமதி குடுக்கறதுதான் அவங்களோட நிஜமான வேலை, அதுக்கு நாம யாரும் கேக்கறதில்ல. ஓட்டுக் கேட்டு வர்றவரு ஹைமாஸ் லைட் போட்டேன், பேவர் பிளாக் போட்டேன்னு சொல்வாரே தவிர மானியக் கோரிக்கையில என்ன பேசினேன்னு சொல்லமாட்டாரு, நாம கேட்டாத்தானே சொல்றதுக்கு.

சபையில அவங்களுக்கு ஆயுதம் இல்லாம இல்ல. வெட்டுத் தீர்மானம்னு ஒண்ணு இருக்கு, ஒரு துறைக்குக் கேட்ட தொகையில 100 ரூபா குறைக்கணும்னு நோட்டீஸ் குடுத்தா அந்தத் துறையில இன்ன குறை இருக்குன்னு பேசலாம், கொள்கையே சரியில்லன்னா மொத்தத்தையும் 1 ரூபா ஆக்குங்கன்னு கூட குடுக்கலாம். தோத்துத்தான் போகும், ஆனா அமைச்சர் எந்திரிச்சு பதில் சொல்லணும், அவைக்குறிப்புல ஏறும். நம்ம சட்டமன்ற அவைக்குறிப்பு தமிழ்லதான் இருக்கு, உங்க எம்.எல்.ஏ. பேர வச்சுத் தேடிப் பாருங்க, தலைவர வாழ்த்தினது எத்தன பக்கம், கணக்கு கேட்டது எத்தன வரின்னு.

கேள்வி: சிஏஜி ரிப்போர்ட்னு டிவியில ரெண்டு நாள் அடிச்சுக்கறாங்க, அப்புறம் சத்தமே இல்ல. அது எங்க போகுது?
– காரைக்குடி வாசகி

சபை உறுப்பினர்களே இருக்கற பொதுக்கணக்குக் குழுவுக்குப் போகுதுங்க. சிஏஜி, அதாவது அரசுக் கணக்கப் பாக்கற தலைமைத் தணிக்கை அதிகாரி, தணிக்கை பண்ணி குடுக்கும், மாநிலக் கணக்குன்னா கவர்னர் வழியா சட்டமன்றத்துல வைக்கணும், இது அரசியலமைப்பு 151வது பிரிவு. எப்ப வைக்கணும்னு அங்க காலக்கெடு இல்லாததால பெரும்பாலும் கூட்டத்தொடரோட கடைசி நாள் வைப்பாங்க, எல்லாரும் பெட்டி கட்டிக்கிட்டு இருக்கற நேரத்துல. அப்புறம் குழு அதிகாரிங்களக் கூப்பிட்டு ஒவ்வொரு பாராவுக்கும் விளக்கம் கேக்கும், பொதுவா மூடின கதவுக்குள்ளதான். பல வருஷம் கழிச்சு அந்தப் பாரா விவாதத்துக்கு வரும்போது சம்பந்தப்பட்ட அதிகாரி ரிட்டையர் ஆகி பேரன் பேத்தியோட இருப்பாரு.

நாடாளுமன்றத்துல இந்தக் குழு 1921ல இருந்து இருக்கு, 22 பேரு, 1967ல இருந்து எதிர்க்கட்சி ஆளுதான் தலைவர்ங்கறது மரபு. தமிழ்நாட்டுல 2021ல ஆளுங்கட்சிக் கூட்டணியில இருந்த காங்கிரஸ் உறுப்பினர் தலைவரானாரு, அவர் எதிர்க்கட்சியா இல்லையான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க. ரிப்போர்ட் எல்லாம் சிஏஜி வெப்சைட்ல சும்மாவே கிடைக்குது, தமிழ்லயும் உண்டு, ஆனா அந்தத் தமிழப் படிக்க தனிப் பொறுமை வேணும்.

கேள்வி: சம்பளத்த மட்டும் ஒத்துமையா ஏத்திக்கறாங்களே?
– சிவகாசி வாசகர்

2017 ஜூலையில நம்ம எம்.எல்.ஏ.ங்க சம்பளம் 55,000ல இருந்து 1,05,000 ஆச்சு, அதே வருஷம் நம்ம விவசாயிங்க மண்டையோட்ட வச்சுக்கிட்டு டெல்லி ஜந்தர் மந்தர்ல உக்காந்திருந்தாங்க, அதனாலதான் அது இன்னும் எல்லாருக்கும் எரியுது. எம்.பி. சம்பளத்த 2018ல விலைவாசிக் குறியீட்டோட கட்டிப்போட்டு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ தானா ஏறற மாதிரி பண்ணிட்டாங்க, அப்படித்தான் 1 லட்சம் 1,24,000 ஆச்சு. எனக்கு சம்பளத்து மேல பெரிய கோபம் இல்ல, சம்பளம் குறைவா இருந்தா பணக்காரன் மட்டும்தான் எம்.எல்.ஏ. ஆக முடியும் (இப்ப மட்டும் என்ன வாழுதுன்னு கேக்காதீங்க). ஆனா வாங்கறவங்களே எவ்வளவுன்னு முடிவு பண்றது அசிங்கம். இங்கிலாந்துல அத வெளி அமைப்பு ஒண்ணுகிட்ட குடுத்துட்டாங்க.

கேள்வி: இங்கிலாந்துன்னதும் ஞாபகம் வருது, வாத்துக்கு வீடு கட்டி பில் போட்ட எம்.பி. கதை நிஜமா?
– கோவை வாசகர்

நிஜம்தான். 2009 மே மாசம் டெலிகிராஃப் பத்திரிகை எம்.பி.ங்களோட செலவு பில்ல எல்லாம் வெளிய விட்டுச்சு, அதுல ஒருத்தர் தோட்டத்துக் குளத்துல வாத்து தங்க மிதக்கற வீட்டுக்கு 1,645 பவுண்ட் கேட்டிருந்தாரு. வேடிக்கை என்னன்னா அந்தப் பில்லுக்குப் பணமே குடுக்கல, நிராகரிச்சுட்டாங்க, இருந்தும் கேட்ட அவமானத்துக்கே அவர் அடுத்த தேர்தல்ல நிக்கல. சபாநாயகர் மைக்கேல் மார்ட்டின் ராஜினாமா பண்ண வேண்டியதாச்சு, 1695க்கு அப்புறம் ஒரு சபாநாயகர அப்படி வெளிய தள்ளினது அதுதான் முதல் தடவ. பொய் பில் குடுத்த சில எம்.பி.ங்க ஜெயிலுக்கே போனாங்க. இதுக்கு விதை போட்டது ஹெதர் புரூக்னு ஒரு பத்திரிகைக்காரம்மா, அங்கத்த தகவல் சட்டத்துல பில்ல குடுங்கன்னு விடாம கேட்டாங்க, நாடாளுமன்றம் ஹைகோர்ட் வரைக்கும் போய் சண்டை போட்டு 2008ல தோத்துச்சு.

அதைவிட எனக்குப் பிடிச்ச கதை கிறிஸ் டேவிஸ்னு வேல்ஸ் பக்கத்து எம்.பி.யோடது. ஆபீஸ் சுவத்துல மாட்ட 700 பவுண்டுக்கு ஒம்போது போட்டோ வாங்கினாரு, ஒரு தலைப்புல அவ்வளவு பணம் மிச்சம் இல்லன்னு 450, 250னு ரெண்டு பில்லா தானே தயார் பண்ணிக் குடுத்துட்டாரு. பணத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போகல, போட்டோ நிஜமாவே வாங்கினதுதான், இருந்தும் 2019ல கோர்ட்ல தண்டனை. அங்க 2015ல வந்த சட்டப்படி இந்த மாதிரி தண்டனை வாங்கினவருக்கு எதிரா தொகுதியில 10 சதவீதம் பேரு கையெழுத்துப் போட்டா பதவி காலி, இவருக்கு எதிரா 10,005 பேரு, கிட்டத்தட்ட 19 சதவீதம் கையெழுத்துப் போட்டாங்க. கட்சி அவரையே திரும்ப நிறுத்துச்சு, ஆகஸ்ட் 1ந்தேதி இடைத்தேர்தல்ல தோத்தாரு. நம்ம நாட்டுல எம்.பி., எம்.எல்.ஏ.வ இப்படித் திரும்பக் கூப்பிட சட்டம் இல்ல. 700 பவுண்டுக்கு அங்க ஒருத்தர் பதவி போச்சுன்னு சொன்னா நம்ம கவுன்சிலரே சிரிப்பாரு.

கேள்வி: எங்க எம்.எல்.ஏ. எல்லார் வீட்டுக் கல்யாணத்துக்கும் வர்றாரு, மொய்யும் வைக்கறாரு. நல்ல மனுஷன்தானே?
– ஊத்தங்கரை வாசகர்

நல்ல மனுஷனாத்தான் இருப்பாரு. மொய் நோட்டுல அவர் பேருக்கு நேரா எவ்வளவுன்னு கரெக்டா எழுதி வச்சிருப்பீங்கல்ல, அதுல பாதி அக்கறைய தொகுதி நிதி கணக்குலயும் காட்டுங்க.

கேள்வி: ஐயா, நாங்க படிக்காதவங்க, ஊர்ல கேள்வி கேட்டா மிரட்டுவாங்க. எங்கள மாதிரி ஆளுங்க என்ன பண்றது?
– விழுப்புரம் மாவட்டத்துல இருந்து ஒரு அம்மா

அம்மா, பயம் நியாயமான பயம்தான், தகவல் கேட்டவங்க அடி வாங்கினதும் உயிர விட்டதும் இந்த நாட்டுல நடந்திருக்கு. அதனால தனி ஆளா போகாதீங்க. ராஜஸ்தான்ல மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்னு ஒரு அமைப்பு, அதுல இருந்தவங்க முக்காவாசி உங்கள மாதிரி கூலி வேலை செஞ்ச ஜனங்கதான், கூட அருணா ராய், அவங்க நம்ம சென்னையில பொறந்தவங்க, ஐஏஎஸ் வேலைய விட்டுட்டுப் போனவங்க. 1994 டிசம்பர்ல கோட் கிரானாங்கற ஊர்ல கூடாரம் போட்டு பஞ்சாயத்து வேலைக் கணக்க மைக்ல சத்தமா வாசிச்சாங்க, மஸ்டர் ரோல்ல (வேலைக்கு வந்தவங்க வருகைப் பதிவு) இன்னார் இத்தன நாள் வேலை பாத்தாருன்னு வாசிக்க வாசிக்க, கூட்டத்துல இருந்தவங்க அந்த ஆளு ஊர்லயே இல்லையே, அவர் செத்துப்போயிட்டாரேன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்கதான் கணக்குல இருந்த பொய்ய கண்டுபிடிச்சாங்க, ஏன்னா ஊர்ல யார் இருக்கா யார் இல்லன்னு அவங்களுக்குத்தானே தெரியும். 1996ல பியாவர்ல 40 நாள் தர்ணா, எங்க காசு எங்க கணக்குன்னு கோஷம், அதெல்லாம் சேந்துதான் 2005 தகவல் அறியும் சட்டமா வந்துச்சு. (மாநிலங்கள்ல முதல்ல இந்தச் சட்டம் போட்டது 1997ல நம்ம தமிழ்நாடுதான், ஆனா அதுல இருந்த விதிவிலக்குல தகவலே வராது, அதனால யாரும் அதப் பெருமையா பேசறதில்ல.)

இந்தத் தகவல் சட்டத்துல மனு போடறதுக்கு மகளிர் குழுவுல நாலஞ்சு பேரு சேந்துக்குங்க, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வேலையப் பத்தி தனித்தனியா கேளுங்க. வெளியூர்ல இருக்கற சொந்தக்காரங்க பேர்லயும் போடலாம், இந்தியக் குடிமகன் யார் வேணா எந்த ஊர்க் கணக்க வேணா கேக்கலாம். எதுக்குக் கேக்கறீங்கன்னு ஆபீஸ்ல கேட்டா பதில் சொல்ல வேண்டியதில்ல, 6வது பிரிவுலயே அப்படித்தான் இருக்கு.

கேள்வி: ஆர்டிஐ (தகவல் அறியும் சட்ட) மனு போட்டேன் சார், "நீங்கள் கோரியது தகவல் என்ற வரையறைக்குள் வராது"ன்னு பதில் வந்துச்சு. எப்படி எழுதறதுன்னு சொல்லிக் குடுங்க.
– திண்டுக்கல் வாசகர்

ஏன் ரோடு மோசமா இருக்குன்னு கேட்டிருப்பீங்க. ஏன், எதுக்குன்னு கேட்டா அவங்களுக்குத் தப்பிக்க வழி கிடைச்சுடும், இருக்கற காகிதத்தோட நகலைக் கேளுங்க, அத குடுத்துத்தான் ஆகணும். இப்படி எழுதுங்க:

"பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலகம். எங்கள் ஊராட்சியில் 2023-24ஆம் ஆண்டு சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் செய்யப்பட்ட சிமெண்ட் சாலைப் பணி தொடர்பாக, உறுப்பினரின் பரிந்துரைக் கடிதம், நிர்வாக அனுமதி ஆணை, மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் சம்பந்தப்பட்ட பக்கங்கள், பணம் வழங்கிய பட்டியல் ஆகியவற்றின் நகல் வேண்டும். மேலும் அந்தப் பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரி பெறவும் அனுமதி வேண்டும்."

கடைசி வரிய விட்டுடாதீங்க. சட்டத்துல 2வது பிரிவு ஜே உட்பிரிவுல அந்த உரிமை இருக்கு, பல பேருக்கு இது தெரியறதே இல்ல, ரோட்டத் தோண்டி மாதிரி எடுக்கணும்னு எழுத்துல வந்தாலே ஆபீஸ்ல ஒரு சுறுசுறுப்பு வரும். 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஸ்பீட் போஸ்ட்ல போடுங்க, நகரமா இருந்தா யூனியன் ஆபீசுக்குப் பதிலா நகராட்சி இன்ஜினியரிங் செக்‌ஷன். 30 நாள் பாருங்க, பதில் வரலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள அதே துறை மேல்முறையீட்டு அலுவலருக்கு, அங்கயும் வேலைக்காகலன்னா 90 நாளுக்குள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு. வேணும்னே இழுத்தடிச்ச அதிகாரிக்கு நாளுக்கு 250 வீதம் 25,000 வரைக்கும் அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, ஆணையத்துல கேஸ் வர்றதுக்கு ரொம்ப நாளாகும்ங்கறதையும் சொல்லிடறேன். எம் புக் நகல் கைக்கு வந்ததும் ஒரு டேப்பும், கூட ரெண்டு பேரும், முடிஞ்சா ஒரு ரிட்டையர்டு ஓவர்சியரும் கூட்டிக்கிட்டுப் போய் ரோட்ட அளந்து பாருங்க, நீளம் அகலம் பெரும்பாலும் சரியா இருக்கும், கனத்த மட்டும் ரெண்டு மூணு இடத்துல பாத்துட்டு எனக்கு எழுதுங்க.